முகத்தின் மேல் ஓர் எண்

சுலேமாவுக்குப் படம் எடுத்துக்கொள்வது என்றாலே வேப்பங்காய். கைப்பேசியில் தானே எடுத்துக்கொள்ளும் படங்களுக்குக்கூட முயல் காதோ பூனை மீசையோ ஒட்டி, கன்னத்தில் மாவு பூசியதுபோல வெளுக்க வைத்த பிறகுதான் தோழிகளுக்கு அனுப்புவாள். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் தூக்கல். இடது கண்ணுக்குக் கீழே மிளகு ஒட்டினாற்போல ஒரு மச்சம். இரண்டையும் தன் முகத்துக் குறைகள் என்றே அவள் நினைத்திருந்தாள். அவளைப் பெற்ற எலோடியாவுக்கோ அந்த இரண்டும் சேர்ந்ததுதான் மகளின் முகம்.

மெக்சிகோவின் கோர்தோபா ஊரில் அவள் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம், பட்டமளிப்பு விழாவுக்குத் தோன் ஹெலாசியோ என்ற ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீல அங்கியை மாட்டிவிட்டு, முக்காலியில் உட்காரவைத்து எடுத்தார். கொஞ்ச நாளில் மாதிரிப் படம் எலோடியாவின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அசலை வாங்காமல் யாரும் அச்சடித்துக்கொள்ளக் கூடாது என்று அந்தப் படத்தின் குறுக்கே ஒரு நீர்க்குறி போட்டிருந்தார். நெற்றியில் தொடங்கித் தாடைவரை சரிவாக, கண்ணாடியில் படிந்த ஆவிபோல வெள்ளையாக ஸ்டுடியோவின் பெயர்; அதற்குக் கீழே அவருடைய தொலைபேசி எண்.

சுலேமா எட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“இதுல நான் எலி மாதிரி இருக்கேன். இதப் பெருசாக்கிச் செவுத்துல மாட்டுனீங்கன்னா நான் வீட்ட விட்டே ஓடிருவேன்.”

“பல்லு உங்கம்மா வீட்டுச் சீதனம்,” என்றான் அப்பா ரூத்திலியோ. “நான் கல்யாணம் கட்டுனப்ப அதையும் சேத்துத்தான் கட்டிக்கிட்டேன். இன்னிவரைக்கும் என்னைக் கடிச்சதில்ல.”

“என்னிக்காவது கடிப்பேன்,” என்றாள் எலோடியா. அவ்வளவுதான். அசலை வாங்க யாரும் போகவில்லை.

சுலேமா சந்தைக்கு எதிரே ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நவம்பரில் ஒரு மாலை, சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, கடையைப் பூட்டிவிட்டுத் தோழியிடம் கையசைத்துப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். வீட்டுக்கு வரவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. அதன் பிறகு அது ஒருபோதும் எரியவில்லை.

புகார் எழுதிக்கொண்ட அலுவலகத்தில், பெண் கோபித்துக்கொண்டு போவேன் என்று எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டார்கள். எலோடியா இல்லை என்றாள். சொல்லும்போதே அந்த எலிப் பேச்சு நினைவுக்கு வந்தது. எழுத்தர் பிறப்புச் சான்றிதழை வாங்கி, பழைய வழக்கமாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தாளுக்குள் நீர்க்குறியாக ஊறியிருந்த அரசு முத்திரைக் கழுகு தெரிந்தது. தாள் அசல்தான் என்றார். பிறகு படம் கேட்டார். எலோடியா கைப்பேசியை நீட்டினாள். முயல் காது வைத்த சுலேமா, பூனை மீசை வைத்த சுலேமா, கண்களை மாட்டுக் கண்போல விரித்துக்கொண்ட சுலேமா. எழுத்தர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்ப் பட்டமளிப்புப் படத்தில் நின்றார்.

“இது மேல எழுத்து இல்லாத படம் ஒண்ணு கொண்டாங்க.”

ஸ்டுடியோவின் இரும்புக் கதவு இழுத்துவிடப்பட்டிருந்தது. பக்கத்துத் தையற்கடைக்காரர், தோன் ஹெலாசியோ மழைக்காலத்திலேயே சர்க்கரை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். மகன் கேமராக்களையும் கணினியையும் விற்றுவிட்டு வடக்கே திஹுவானாவுக்குப் போய்விட்டான். அவன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, விற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் சென்யோரா, அப்பா மறைந்த துக்கத்தில் எதையும் யோசிக்கவில்லை என்று அழுதான். அவனைத் தேற்றிவிட்டுத்தான் எலோடியா போனை வைக்க வேண்டியிருந்தது.

அடுத்தபடியாக அவள் போனது தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நொயெமியிடம். சுலேமாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள் நொயெமி. எழுத்தை அழிக்கும் ஆப் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றாள். விரலால் தேய்த்தாள். ஸ்டுடியோவின் பெயர் போனது, எண் போனது. முகம் கழுவிவிட்டது போலத் தெளிந்தது. எலோடியா குனிந்து பார்த்தாள். எழுத்து மறைத்திருந்த இடத்தையெல்லாம் அந்த ஆப் தானாகவே இட்டு நிரப்பியிருந்தது. மச்சம் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. பற்கள் வரிசையாக, விளம்பரக்காரியின் பற்கள்போல இருந்தன.

“இது யாரு?” என்றாள் எலோடியா.

“தோன்யா எலோ, எழுத்து இருந்தா சனங்க முகத்தப் பாக்க மாட்டாங்க.”

“எழுத்து இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு அடியில இருக்கறது எம் புள்ள. இது வேற யாரு வீட்டுப் புள்ளயோ.”

நொயெமி அந்த ஆப்பை மூடினாள். பழைய படத்தையே நடுவில் வைத்து, மேலே ‘காணவில்லை’ என்றும் கீழே பெயர், வயது, அடையாளம், எலோடியாவின் எண் என்றும் அடித்தாள். மலிவுத் தாளில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மச்சம் மங்கிவிடுமே என்று கறுப்பைக் கூட்டினாள். மச்சம் நன்றாக எழும்பியது. கூடவே முகத்தின் குறுக்கே போன வெள்ளை எழுத்தும் எழும்பியது. இரண்டு பெண்களும் மச்சத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சுவரொட்டியை எலோடியா ஒட்டாத தூண் கோர்தோபாவில் இல்லை. பகலெல்லாம் சலவைக்கடையில் பிறத்தியார் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பசை வாளியும் தாள்கட்டுமாகக் கிளம்பிவிடுவாள். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைப் புகைக்கரி மழைபோல விழுந்து மகளின் முகத்தில் ஒட்டும். சால்வையின் நுனியால் துடைப்பாள். சாரலில் தாள் ஊறிக் கிழியும். புதிதாக ஒட்டுவாள். மற்ற ஊர்களில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்களும் சேர்ந்து ஒரு குழுவாக இருந்தார்கள். அவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். புதைத்த பிணத்தின் நாற்றம் வருகிறதா என்று கம்பியை மண்ணில் இறக்கி, இழுத்து, நுனியை மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டாள். மற்ற தாய்மார்களும் அவளுடைய சுவரொட்டியைத் தங்கள் ஊர்களில் ஒட்டினார்கள்.

கைப்பேசியை அவள் ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தாள். அதில் வந்த அழைப்புகளெல்லாம் ஏமாற்றுக்காரர்களுடையவை. உன் மகள் எங்களிடம்தான் இருக்கிறாள், பணத்தைப் போடு என்பார்கள். அவள் மச்சம் எந்தக் கண்ணுக்குக் கீழே என்று கேட்டால் வலது என்பார்கள், அல்லது திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். கண்டேன் என்று சொல்ல ஒரு ஜீவன் கூப்பிடவில்லை. இத்தனை தாளில் இத்தனை கண்களில் ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லையா என்று எலோடியா மாய்ந்துபோனாள்.

ரூத்திலியோ கரும்பு லாரி ஓட்டுபவன். முதல் வருஷம் அவனும் லாரியின் இரண்டு பக்கக் கதவிலும் மகளை ஒட்டிக்கொண்டுதான் ஓடினான். இரண்டாம் வருஷம் மழையில் பெயர்ந்து போனதை அவன் மறுபடி ஒட்டவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பாதிரியாரிடம் பேசியிருக்கிறேன், அவளுக்கு ஒரு பூசை வைத்துவிடலாம் என்றான்.

“என்ன பூசை?”

“செத்தவங்களுக்கு வைக்கற பூசை.”

“உனக்கு வெச்சுக்கோ.”

“ஏ கிழவி, நான் சொல்றதக் கேளு. அவ உசுரோட இருந்தா ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாளா? எம் பொண்ண எனக்குத் தெரியும். எப்படியாவது பண்ணியிருப்பா.”

எலோடியாவையும் தின்றுகொண்டிருந்தது அதே கேள்விதான். அன்று முதல் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள்போல இருந்தார்கள்.

தவக்காலத்துக்கு முன்னால் தாய்மார்கள் குழு தெவாகானுக்குப் போனது. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வறண்ட ஊர். போன வருஷம் அங்கே ஒட்டியதெல்லாம் வெயிலில் வெளுத்திருக்கும், புதிதாக ஒட்ட வேண்டும் என்று எலோடியாவும் கூடப் போனாள். பேருந்து நிலையத்து வாசலில் கிறிஸ்பீனா என்று ஒரு பெண், கரியடுப்பில் சோளமாவு அடை தட்டி விற்றுக்கொண்டிருந்தாள். எலோடியா அவளுக்கு எதிரே இருந்த தூணில் பசையைத் தடவி, தாளை விரித்து ஒட்டினாள்.

“அந்தப் பொண்ணு இன்னும் கெடைக்கலயா?” என்றாள் கிறிஸ்பீனா, அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

எலோடியா திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“பாத்தேனே. போன வருஷம். ஒரு வயசான பொம்பள, கூட ரெண்டு ஆம்பளைங்க. அவங்களோட பஸ்ஸ விட்டு எறங்கிச்சு. நான்தான் அடை குடுத்தேன். வாயே தெறக்கல, சட்னி வேணாம்னு கையாலதான் காட்டிச்சு. குனிஞ்சு வாங்குறப்ப கண்ணுக்குக் கீழ மச்சத்தப் பாத்தேன். அது இந்தத் தூணையே பாத்துட்டு நின்னுச்சு. அந்தப் பொம்பள கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. அப்புறந்தான் நானும் தூணப் பாத்தேன்.”

எலோடியாவின் கையிலிருந்து பசைத் தூரிகை விழுந்தது. கிறிஸ்பீனா முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

“அம்மா, ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?”

“பண்ணேன் தாயி. சத்தியமா பண்ணேன். ஒரு ஆம்பள எடுத்தாரு. உங்க பொண்ணப் பாத்தேன்னு சொன்னேன். எனக்குப் பொண்ணே கெடையாது, வேற முட்டாளப் பாருன்னு வெச்சுட்டாரு. மறுநாளும் பண்ணேன். கெட்ட வார்த்தையில திட்டுனாரு. பெத்தவங்களே வேணாம்னு விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். இல்லாட்டி அவளத் தூக்கிட்டுப் போனவனுங்களே போன எடுக்கறானுங்களோன்னு பயமா வேற இருந்துச்சு. அதோட விட்டுட்டேன்.”

“என் போன எந்த ஆம்பளயும் எடுக்க மாட்டாங்க. எந்த நம்பருக்குப் பண்ணீங்க?”

கிறிஸ்பீனா மாவுக் கையோடு எழுந்து வந்து தாளில் தொட்டுக் காட்டினாள். அவள் விரல் சுலேமாவின் கன்னத்தில் இருந்தது.

“இதுக்குத்தான். அப்ப கீழ்ப்பாதிய டான்ஸ் கச்சேரி நோட்டீஸ் ஒட்டி மறைச்சிருந்தானுங்க. முகமும் முகத்து மேல இருந்த நம்பருந்தான் தெரிஞ்சுது.”

எலோடியா தாளைப் பார்த்தாள். எத்தனை நூறு தாள்களை அவள் கையால் ஒட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட அந்த எண்ணை அவள் படித்ததில்லை. எழுத்தை விலக்கிவிட்டு அடியிலிருக்கும் முகத்தைப் பார்க்கக் கண் பழகிவிட்டது. இப்போதோ எண் மட்டும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவளுடைய எண் தாளின் அடியில் சின்னதாக இருந்தது. செத்துப்போன ஸ்டுடியோக்காரரின் எண் மகளின் முகத்தில் பெரிதாக, வெள்ளையாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் போட்டாள்.

“பஞ்சர் கடை,” என்றது ஒரு குரல். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

அவள் தன் பெயரைச் சொன்னாள். மகள் பெயரைச் சொன்னாள். பணம் எதுவும் கேட்கவில்லை, தயவுசெய்து வைத்துவிடாதீர்கள் என்றாள். சுத்தியல் நின்றது. பிறகு அந்த மனிதர் தன் பெயர் எவெலியோ என்றும், கடை ஒமெயால்கா சாலையில் சர்க்கரை ஆலை தாண்டியதும் இருக்கிறது என்றும் சொன்னார். கோர்தோபாவிலிருந்து எட்டிவிடும் தூரம்தான்.

மறுநாள் ரூத்திலியோவும் கூட வந்தான். லாரியிலிருந்து இறங்கும்போது டயர் கழற்றும் இரும்புக் கம்பி அவன் கையில் இருந்தது. எலோடியா அதைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். எவெலியோ ஐம்பது வயது இருக்கும் ஆள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அந்தக் கம்பியைப் பார்த்தும் பின்வாங்கவில்லை. இரண்டு டயர்களை அடுக்கி மேலே அட்டை போட்டு எலோடியாவை உட்காரச் சொன்னார். ரூத்திலியோ நின்றுகொண்டே இருந்தான்.

புது சிம் வாங்கியபோது, யாரோ விட்டுப்போன பழைய எண் என்று நிறுவனம் அந்த எண்ணைக் கொடுத்தது என்றார் அவர். கொஞ்ச நாளிலேயே அழைப்புகள் வரத் தொடங்கின. உங்கள் பெண்ணைப் பார்த்தேன் என்று ஒருவர், ஒரிசாபாவில் என்று இன்னொருவர், சந்தையில் என்று வேறொருவர். எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள் சென்யோரா என்றார். ஆளைப் பதற வைத்துப் பணம் பறிக்கும் கும்பல் என்றே நினைத்துவிட்டார். அடிக்கடி வந்த எண்களை முடக்கிவிட்டார். சுவரொட்டியை ஒருநாளும் அவர் பார்த்ததில்லையா என்று கேட்டாள். பார்த்திருப்பேன், ஊரெல்லாம் சுவரொட்டிதானே, யார் நின்று படிக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எலோடியா எழுந்துவிட்டாள். ரூத்திலியோவும் கம்பியைக் கை மாற்றிக்கொண்டு லாரியை நோக்கித் திரும்பிவிட்டான். அப்போது எவெலியோ இன்னும் ஒன்று இருக்கிறது என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“ஒரு பொண்ணும் பண்ணுச்சு.”

“எந்தப் பொண்ணு?”

“தெரியாது. போன வருஷம், மாங்கா சீசன் ஆரம்பிக்கறப்ப. எடுத்த ஒடனே அழுக. ‘மம்மி, நான்தான்’னு சொல்லுச்சு.”

மெக்சிகோவில் அப்படி ஒரு அழைப்பு வராத வீடு கிடையாது. அழுகிற பெண் குரல், அம்மா நான்தான் என்னும். பதறிப்போய் நாம் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். உடனே ஓர் ஆண் வாங்கிப் பணம் கேட்பான். எலோடியாவுக்கே எத்தனையோ தடவை வந்திருக்கிறது. சத்தமில்லாமல் வைத்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

எவெலியோ கையிலிருந்த துணியை முறுக்கினார். “சிரிச்சேன் சென்யோரா. எம் புள்ளைங்க ரெண்டும் மீச வெச்சிருக்கானுங்க, வேற எடம் பாரு கண்ணுன்னேன்.”

“அப்புறம்?”

“ஒண்ணும் சொல்லல. பின்னால எந்த ஆம்பளயும் வந்து பேசல. அதுதான் எனக்கு அப்ப கொஞ்சம் புதுசா இருந்துச்சு. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நான் வெச்சுட்டேன்.”

ரூத்திலியோவின் கையிலிருந்த கம்பி தரையில் இறங்கியது. அதை ஊன்றிக்கொண்டு நின்றான்.

எலோடியா கைப்பேசியை எடுத்தாள். மகள் காணாமல்போவதற்கு முன் அனுப்பிய குரல்பதிவு ஒன்று அதில் இருந்தது. ‘மம்மி, ரொட்டி வாங்கிட்டேன், நீ மறுபடி வாங்கிட்டு வந்து நிக்காத.’ எவெலியோவின் காதருகே வைத்து ஓட விட்டாள். மறுபடி ஓட விட்டாள். சாலையில் ஒரு லாரி போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்து மூன்றாவது தடவையும் ஓட விட்டாள். எவெலியோ கண்களை மூடிக்கொண்டு கேட்டார். ரூத்திலியோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லிவிடு, இந்தக் குரல் இல்லை என்று சொல்லிவிடு என்று அவன் கண்கள் கெஞ்சின. பெண்ணை இழந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

எவெலியோ கண்களைத் திறந்தார். அவருக்கும் அது புரிந்துதான் இருந்தது.

“தெரியல,” என்றார். “பொய் சொல்ல மனசு வரல சென்யோரா. அழுதா எல்லாப் பொண்ணு குரலும் ஒண்ணாத்தான் இருக்கு.”

இருவரும் லாரியில் திரும்பினார்கள். இந்தக் காலத்தில் யாருக்கு யாருடைய எண் மனப்பாடம் என்று எலோடியா நினைத்துக்கொண்டாள். எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் பெற்ற தாயின் எண்ணும் போயிற்று. தூணில் தன் முகத்தைப் பார்த்த பெண் அந்த முகத்தின் மேலிருந்த எண்ணைத்தான் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அல்லது அப்படி எதுவும் நடக்கவே இல்லை. அழுதவள் ஏமாற்றுக்காரியாகவே இருக்கலாம். வீட்டருகே வந்ததும் ரூத்திலியோ வண்டியை நிறுத்தினான், இறங்கவில்லை.

“போன் பண்ணியிருப்பான்னு சொன்னேன்ல,” என்றான். பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

புகார் கொடுத்த அலுவலகத்தில் எலோடியா எல்லாவற்றையும் சொன்னாள். தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கிறோம், எந்த எண்ணிலிருந்து, எந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது என்று தெரிந்துவிடும் என்றார்கள். கோப்பு ஒரு மேசையில் மாதக்கணக்கில் கிடந்தது. அதைக் கவனித்த அதிகாரி மாற்றலாகிப் போனார். வந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஒருவழியாகப் பதில் வந்தபோது, அவ்வளவு பழைய அழைப்பு விவரங்களை நிறுவனம் வைத்துக்கொள்வதில்லை, நீங்கள் கேட்ட நாளில் இருந்திருக்கலாம், இப்போது இல்லை என்று எழுதியிருந்தது. தெவாகானுக்கு ஒரு வண்டியில் ஆட்கள் போய்க் கிறிஸ்பீனாவிடம் கேட்டுவிட்டு, அடை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவள் பயந்துபோய்க் கடையை வேறு வாசலுக்கு மாற்றிக்கொண்டாள்.

நொயெமி விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தாள். நான்தான் கறுப்பைக் கூட்டினேன் என்று சொல்லி அழுதாள். எலோடியாவுக்கு அவளைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தெம்பில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். இருவருமாக உட்கார்ந்து புதுச் சுவரொட்டி அடித்தார்கள். முகத்தின் மேலிருந்த எண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தார்கள். பட்டை மூக்கையும் பாதி வாயையும் மூடிவிட்டது. மச்சமும் ஒரு கண்ணும் மிஞ்சின. அதையே ஒட்டினாள். பழையவை எத்தனை ஊர்களில், எத்தனை தூண்களில், எத்தனை பேர் கைப்பேசிகளில் இருந்தன என்று அவளுக்கே தெரியாது. அவற்றைத் திரும்பப் பொறுக்கி எடுக்க வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எவெலியோ வாசலில் வந்து நின்றார். ரூத்திலியோ கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எவெலியோ சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்து எலோடியாவிடம் கொடுத்தார். உள்ளே சிம் இருந்தது.

“நான் வேற நம்பர் வாங்கிட்டேன். கடைச் செவுத்துலயும் மாத்தி எழுதியாச்சு. இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“உங்க யாவாரம்?”

“டயர் போனவன் எப்படியும் வந்து சேருவான்,” என்றார் அவர். தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எலோடியாவின் ரவிக்கைக்குள் இரண்டு கைப்பேசிகள். இரண்டாவது ஓயாமல் அடித்தது. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நிற்கிறவர்கள், டிராக்டர் டியூபுக்கு விலை கேட்கிறவர்கள், நேற்று ஒட்டிய ஒட்டு நிற்கவில்லை என்று சண்டை பிடிக்கிறவர்கள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் எடுப்பாள். முதலில் பேச மாட்டாள்; எதிர்முனையின் மூச்சைக் கேட்பாள். ஆண் குரல் வந்ததும் எவெலியோவின் புது எண்ணைச் சொல்லுவாள். சிலர் அவளை எவெலியோவின் மனைவி என்று நினைத்துக் கேலி பேசினார்கள். அவள் திருத்தவில்லை.

மகளைப் பார்த்தேன் என்று அதில் யாரும் கூப்பிடவில்லை. அவர்களெல்லாம் கூப்பிட்டு, திட்டு வாங்கி, ஓய்ந்துபோனவர்கள்.

மறு வருஷம் சுலேமாவின் பிறந்த நாளன்று ரூத்திலியோ பூசைக்கு ஏற்பாடு செய்தான். இந்தத் தடவை எலோடியா மறுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. கறுப்பு உடுத்தாமல், சலவைக்கடைக்குப் போகிற சாதாரண உடுப்பில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நொயெமி, செருப்புக் கடைத் தோழி, குழுவின் தாய்மார்கள் சிலர் இருந்தார்கள். ரூத்திலியோ முன் வரிசையில், வெட்டிச் சீவிய தலையோடு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதிரியார் பெயரைச் சொல்லி, அவளுடைய ஆன்மா இளைப்பாறட்டும் என்று தொடங்கியபோது எலோடியாவின் ரவிக்கைக்குள் இரண்டாவது கைப்பேசி அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

கோவிலே திரும்பிப் பார்த்தது. பாதிரியார் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். முன் வரிசையில் ரூத்திலியோ எழுந்து நின்றுவிட்டான். மடியிலிருந்த தொப்பி கீழே விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. மகளுக்குப் பூசை வைத்தவன், மனைவியின் காதில் இருந்த அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு வாய் திறந்தபடி நின்றான்.

எலோடியா காது கொடுத்துக் கேட்டாள். மழையும் காற்றும் கேட்டன. பிறகு ஒரு வாலிபன், சரக்கோடு நடுரோட்டில் நிற்கிறேன், பின் டயர் போய்விட்டது, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டான். அவள் தாழ்ந்த குரலில் எண்ணைச் சொன்னாள். அவன் எழுதிக்கொள்ளும்வரை பொறுத்து, இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னாள். பிறகு கைப்பேசியை உள்ளே வைத்துக்கொண்டு, கணவனைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தாள்.

“டயர்,” என்றாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். நொயெமி குனிந்து தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்ததும் உட்கார்ந்தான். பாதிரியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.